தவிட்டோடு சேரும் நஞ்சு

பெரும்போக அறுவடை முடிந்ததும் அநுராதபுரம், மொனராகலை, அம்பாறைப் பக்கத்துச் சோளம் சந்தைக்கு வரத் தொடங்கும். விலை பேசும்போது நாம் நிறத்தையும் ஈரத்தையும் பார்க்கிறோம். ஆனால் சோளத்தில் பூஞ்சண நஞ்சு இருந்தால், அரித்து அரைத்த பிறகு அது எந்தப் பங்கில் போய்ச் சேர்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் சோளம் அரித்துக் கழித்த குறுணலை ஒரு பண்ணைக்காரருக்கு மலிவாகக் கொடுத்தேன். மூன்று கிழமையில் திரும்பி வந்தார். கோழிகள் தீன் எடுக்கவில்லை, முட்டையும் குறைந்துவிட்டது என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்.

இந்த நஞ்சுகளில் முக்கியமானது அப்லாடொக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. காரணத்தைத் தேடியபோது, பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது.

உடைந்த மணி, பூச்சி குத்திய மணி, தூசு ஆகியவற்றில்தான் நஞ்சு கூடுதலாக இருக்கும். அரித்தால் நல்ல சோளம் சுத்தமாகும். கழிவில் நஞ்சு செறியும். அரைக்கும்போதும் அப்படித்தான். மணியின் தோலிலும் முளைக்கருவிலும் நஞ்சு அதிகம். ஆகவே மாவில் குறைந்து தவிட்டில் கூடுகிறது. மா மனிதருக்கு, தவிடு மாட்டுக்கும் கோழிக்கும். ஆனால் மாடு தின்ற நஞ்சில் ஒரு பகுதி பாலில் வந்துவிடும்.

சோளத்திலிருந்து எதனோல் எடுத்த பின் மிஞ்சும் சக்கையும் தீவனமாக விற்பனையாகிறது. மாப்பொருள் மதுசாரமாகிப் போக, மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நஞ்சு அழியாததால் அது சுமார் மூன்று மடங்காகச் செறிகிறது. சோளத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் இருந்தால் சக்கையில் 45 அளவில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தீவன மூலப்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 20.

சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தீனை நீராவியில் அவித்துக் குச்சித் தீனாக்கும் சூட்டில் பூஞ்சணம் சாகலாம்; நஞ்சு அப்படியே இருக்கும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. சோளத்தை ஈரம் 13 சதவீதத்துக்கு மேற்படாமல் காயவைத்தே களஞ்சியப்படுத்துங்கள். அரித்த கழிவை மீண்டும் தீனில் கலக்காதீர்கள். தவிடோ சக்கையோ வாங்கும்போது, தானியத்தின் அறிக்கையை அல்ல, அந்தப் பொருளின் பரிசோதனை அறிக்கையையே கேளுங்கள். நஞ்சு மூடை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. எனவே பல மூடைகளில், மேலும் நடுவிலும் அடியிலும் மாதிரி எடுத்துக் கலந்தே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மலிவான தவிட்டில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்க்காக, நம்பி வாங்குகிற பண்ணைக்காரரை இழந்துவிடக் கூடாது. எனக்கு அவர் பிறகு திரும்பி வரவேயில்லை.