காணிக்கு 16,000 ரூபாய்... கட்டுப்படியாகுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை! நகரத் தெருக்களிலேயே படகு விட்டு மக்களை மீட்டார்கள். டிசம்பர் 2-ல், சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர் பக்கத்துக் கிராமங்களையும் சூழ்ந்தது.

பயிர் பாதிப்புக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என அறிவித்தார் முதல்வர் ரங்கசாமி. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் தனி.

கேட்கப் பெரிய தொகைதான். ஆனால், இங்கே நிலத்துக்குக் கணக்கு குழியும் காணியும். 576 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. அப்படிப் பார்த்தால் காணிக்குச் சுமார் 16,000 ரூபாய், குழிக்கு 160. உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மறுபடி நட நினைப்பவருக்குப் பருவம் தப்புவதற்குள் பணம் கைக்கு வந்தால்தான் உதவி. பிந்தி வந்தால், அது கடனுக்குத்தான் போகும்.