திருமணத்திற்கு முன் எச்.ஐ.வி. சோதனை

கொல்கத்தா நகரின் சித்தரஞ்சன் சாலையில் இரு பழம்பெரும் நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. மற்றது 1932-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அகில இந்தியச் சுகாதார, பொதுநலக் கழகம். அதே சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், பாலியல் தொழிலாளர் பல்லாயிரவர் வாழும் சோனாகாச்சிப் பகுதியை அடையலாம். மேற்கூறிய கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992-இல் இங்கு நோய்த்தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அப்பெண்களுள் சிலரையே பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டே ஏனையோர்க்கு ஆணுறையின் அவசியத்தை உணர்த்தியது அத்திட்டம். மும்பையில் 1990-களில் இத்தொழிலில் ஈடுபட்டோருள் பாதிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது, சோனாகாச்சியிலோ அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே நின்றது. உலகெங்கும் சுகாதார அறிஞர் இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

ஆயினும் இந்நோய் ஒரு பேட்டையின் எல்லைக்குள் அடங்குவதன்று. அங்கு வந்து செல்லும் ஆடவர் தத்தம் இல்லங்களுக்குத் திரும்புகின்றனர். அவருள் மணமாகாத இளைஞரும் உளர். கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்கள் பலர் நம் நாட்டில் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். முதற் கருவுற்றபோது மருத்துவமனையில் செய்த இரத்தப் பரிசோதனையால்தான் தம் நிலையை அறிந்தோர் அவருள் எத்தனையோ பேர். ஆகவே, ஜாதகம் பார்க்கும் நாம் இரத்தத்தையும் பார்த்தால் என்ன என்று பெற்றோர் வினவுவதில் நியாயம் உண்டு.

இவ்வினா புதிதன்று. அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலம் 1935-இலேயே, மணம் புரிவோர் மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் எனச் சட்டம் இயற்றிற்று. அவ்வழியே இல்லினாய் மாநிலம் 1988-இல் எச்.ஐ.வி. சோதனையை மணமக்களுக்குக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு மாதங்களில் 70,846 பேர் சோதிக்கப்பட்டனர். நோய்த்தொற்று காணப்பட்டவர் 8 பேர். ஒருவரைக் கண்டறிய ஆன செலவு 3,12,000 டாலர். மண உரிமம் பெறுவோர் தொகையும் நூற்றுக்கு 22.5 வீதம் குறைந்தது. பலர் அண்டை மாநிலங்களுக்குச் சென்று மணம் முடித்துக்கொண்டனர். மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பெற்றது. நம் நாட்டிலும் இத்தகைய சட்டத்தைப் பற்றிய பேச்சு அவ்வப்போது எழுந்ததுண்டு.

கட்டாயச் சோதனை தோல்வியுற்றமைக்கு எளிய கணக்கொன்றும் காரணமாகும். இந்தியாவில் வயது வந்தோருள் சுமார் 1,000 பேருக்கு இருவர் இத்தொற்று உடையவர். மணமக்கள் 10,000 பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவருள் 20 பேர் மெய்யாகவே தொற்றுடையவராயிருப்பர். சோதனை மிகச் சிறந்ததாயினும், தொற்றற்றவருள் 200 பேருக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டுமெனின், ஏறத்தாழ 50 பேர் வீணே குற்றம் சாற்றப்படுவர். ஆக, முதற் சோதனை சுட்டும் 70 பேரில் 50 பேர் நோயற்றவர்! இதனாலேயே, முதற் சோதனை தொற்று இருப்பதாகக் காட்டினால், வேறு வேறு முறையில் அமைந்த மேலும் இரு சோதனைகள் செய்த பின்னரே அரசாங்க மையங்களில் முடிவு கூறப்படுகிறது. முதல் தாளைக் கண்டதும் நிச்சயதார்த்தத்தை முறிப்போர் இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. சோதனையில் பொதுவாகத் தேடப்படுவது, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். தொற்று நேர்ந்தபின் அப்பொருள் இரத்தத்தில் புலப்படச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். ஆங்கிலத்தில் இதனைச் 'சாளரக் காலம்' என்பர். சாளரத்தின் வழியே நோக்கியும் ஒன்றும் தெரியாத காலமாதலின், 'மறைவுக் காலம்' என்பதே தமிழுக்குப் பொருந்தும் போலும். இக்காலத்தில் ஒருவர் 'தொற்றில்லை' என்னும் சான்றிதழைப் பெற்று மணமேடை ஏறலாம். பிறருக்கு நோயைத் தரவும் கூடும். அண்மையில் ஐயத்திற்கிடமான நிகழ்ச்சி ஏதேனும் இருந்திருப்பின், மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். அத்தகைய நிகழ்ச்சி உண்டா என்பதை மணமகனே அறிவான். எந்தச் சட்டமும் அதனை அவன் வாயினின்று பிடுங்க இயலாது.

வங்காளத்தார் மணத்திற்கு முந்திய வேறொரு சோதனையையும் நன்கறிவர். அது தாலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டிற்கானது; இந்தியாவில் இக்குறைபாடு முதன்முதலாக 1938-இல் கல்கத்தாவிலிருந்தே விவரிக்கப்பட்டது. அதன் காரணியை ஏந்திய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. அச்சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும். பிறப்பிலே அமைந்தது மாறாது. எச்.ஐ.வி. அவ்வாறன்று. இன்றைய முடிவு இன்றைக்கே உரியது. இரண்டையும் ஒரே சான்றிதழாகக் கருதுதல் பெரும் பிழை.

அங்ஙனமாயின் சோதனையால் பயன் என்ன? பயன் மிகப் பெரிது; ஏனெனில் சிகிச்சை வந்துவிட்டது. இந்திய அரசாங்கம் 2004 ஏப்ரல் முதல் இம்மருந்துகளை இலவசமாக வழங்கி வருகிறது. 2017 முதல் தொற்று உறுதியானவர் யாவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கலாம் என்பது விதி. தம்பதியருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரைக் கொண்டு பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வில் சென்னையும் பூனாவும் பங்கு கொண்டன. முன்னதாகவே மருந்துண்டவரிடமிருந்து துணைவருக்கு நோய் பரவுதல் நூற்றுக்கு 96 பங்கு குறைந்ததென 2011-இல் அவ்வாய்வு காட்டிற்று. மருந்தால் கிருமி அளவிடவியலாதவாறு அடங்கியிருக்குமாயின் உடலுறவால் அது பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. சிகிச்சையற்ற தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க சிகிச்சையால் அதனை 5-க்கும் கீழே கொணரலாம். மணத்திற்கு முன்னரே அறிந்தவர், குழந்தை கருவாகுமுன்னரே இப்பாதுகாப்பைப் பெறுகின்றனர்.

சட்டத்தின் நிலையும் மாறி வந்துள்ளது. தொற்றுடையவரின் மண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமையே என 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல் அக்கருத்து தேவையற்றதென விலக்கப்பெற்றது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவரின் உணர்ந்த சம்மதமின்றிச் சோதனை செய்தல் கூடாது. தொற்றுடையவர் தம் துணைவருக்கு அதனைப் பரப்பாதிருக்கும் கடமை உடையவர் என்றும் அதே சட்டம் விதிக்கிறது. மறைத்து மணப்பதற்கு அது புகலிடமன்று.

சம்மதம் என்னும் சொல்லே மணப்பெண்ணின் பக்கம் வந்ததும் மெலிந்துவிடுகிறது. பெண்ணின் இரத்தத்தைச் சோதிக்கக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார், தம் மகனைச் சோதிக்கக் கேட்டால் சீறுவதுண்டு. சோதனை இருவருக்கும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். இன்றேல் அது பெண் பார்க்கும் படலத்தில் மற்றோர் இழிவாகவே முடியும்.

கொல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலும், நாடெங்கும் அரசாங்க மருத்துவமனைகளிலும், ஆலோசனையுடன் கூடிய இலவசச் சோதனை மையங்கள் உள்ளன. முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். பின்னரே இரத்தம் எடுக்கப்படும். முடிவு சோதித்துக்கொண்டவர் கையிலேயே கொடுக்கப்படும். தகப்பனாரிடமோ தரகரிடமோ கொடுக்கப்படுவதில்லை. இருவரும் விரும்பினால் ஒன்றாக அமர்ந்து கேட்கலாம். முகூர்த்தத்திற்கு மூன்று மாதங்கள் இருக்கும்போதே சென்றால், மறைவுக் காலத்தையும் கடந்து மறுமுறை சோதித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.