பள்ளிக்கூடத்துக்கும் வரவு செலவு உண்டு

வீட்டுக்கு வரவு செலவு போடத் தெரியாதவர் யாரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவருக்குக் கூலி கிடைக்கும் நாள் தெரியும். அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, கடைப் பாக்கிக்கு எவ்வளவு என்று மனத்திலேயே பிரித்துவிடுவார். கொழுந்து குறைந்த மாதத்தில் எதை வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது என்பதும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே போல வரவு செலவு உண்டு. ஆனால் பள்ளிக்குப் பணம் பல இடங்களிலிருந்து வருகிறது. சில பணம் நேரத்துக்கு வரும். சில பணம் பிந்தி வரும். சில பணம் பாதிதான் வரும். வராமலே போவதும் உண்டு. அப்படியானால் ஆண்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

எல்லையோரப் பள்ளிகள்

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், மறையூர், பீர்மேடு. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. கேரளத்தில் தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழும் பகுதிகள் இவை. இங்கே தமிழ் வழியில் பாடம் நடத்தும் பள்ளிகள் உள்ளன. தோட்டத் தொழிலாளர், சிறு விவசாயிகள், கூலி வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் பலர் இவற்றில் படிக்கிறார்கள். ஊர்ப் பள்ளி நன்றாக இல்லை என்றால், தொலைவில் உள்ள பள்ளிக்குப் பணம் கட்டி அனுப்ப இவர்களில் பலரால் முடியாது. ஆகவே ஊர்ப் பள்ளியின் வரவு செலவு இவர்கள் வீட்டுக் காரியமும் ஆகும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ஆசிரியர் சம்பளம். அரசுப் பள்ளிக்கும், அரசு உதவி பெறும் தனியார் பள்ளிக்கும் மாநில அரசே சம்பளம் தருகிறது. ஆனால் எத்தனை ஆசிரியர் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த பின் ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகலாம். தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இரண்டாவது, பஞ்சாயத்துப் பணம். 1994-ல் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது. அதன்படி அரசு ஆரம்பப் பள்ளிகளைக் கவனிக்கும் பொறுப்பு கிராமப் பஞ்சாயத்துக்குக் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா பஞ்சாயத்தின் பொறுப்பு. 1996 ஆகஸ்டு மாதம் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குத் தர அப்போது முடிவானது. இன்றும் பஞ்சாயத்துக்குத் திட்டப் பணமும், பழுது பார்க்கப் பராமரிப்புப் பணமும் வருகின்றன. அரசுப் பள்ளியின் கூரை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் போன்ற வேலைகளுக்கு இவற்றைக் கேட்கலாம்.

மூன்றாவது, சமக்ர சிக்ஷா திட்டம். இது 2018-ல் வந்தது. கேரளத்தில் 100 ரூபாயில் மத்திய அரசு 60 ரூபாயும் மாநில அரசு 40 ரூபாயும் போட வேண்டும். பள்ளிக்கு ஆண்டு மானியம் இதிலிருந்துதான் வருகிறது.

நான்காவது, மதிய உணவுப் பணம். ஐந்தாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊராரும் தரும் பணம்.

ஏன் தடைப்படுகிறது?

மத்திய அரசு பி.எம். ஸ்ரீ என்னும் பள்ளித் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் கையெழுத்திடாத கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களுக்குச் சமக்ர சிக்ஷா பணம் நின்றது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டது. ஒரு வாரத்துக்குள் அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. பணம் நின்றால் பள்ளியின் கணக்கில் ஒரு பள்ளம் விழுகிறது.

மதிய உணவிலும் இப்படி நடந்தது. கேரளப் பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள் முட்டையும் இரண்டு நாள் பாலும் தருகிறார்கள். பணம் பிந்தியதால் தலைமை ஆசிரியர்கள் கைப்பணம் போட்டும் கடன் வாங்கியும் நடத்த வேண்டி வந்தது. 2023-ல் ஆசிரியர் சங்கம் ஒன்று கேரள உயர் நீதிமன்றத்தை அணுகியது.

மழை காத்திருக்காது

அரசின் கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. மூணாறு பக்கம் கூரை ஒழுகினால் ஏப்ரல், மே விடுமுறையில் சரி செய்ய வேண்டும். ஆனால் புதிய ஆண்டின் பணம் அதற்குள் கைக்கு வந்து சேர்வது அரிது. ஆகவே அடுத்த ஜூனுக்கான கூரை வேலையை முந்தைய ஆண்டிலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே மழை குறைவு. குடிதண்ணீர்தான் கவலை. ஆகவே ஒரு பள்ளியின் பட்டியலை மற்றொரு பள்ளி அப்படியே எழுதக் கூடாது.

தூரமும் ஒரு செலவுதான். இடுக்கியில் இடமலைக்குடி என்னும் பழங்குடிப் பஞ்சாயத்து 2010-ல் உருவானது. அங்கே நெடுங்காலம் சாலை இல்லை. அரிசி மூட்டையும் தலைச்சுமையாகப் போனது. அப்படிப்பட்ட ஊரில் சிமெண்டு விலையோடு சுமைகூலியையும் சேர்த்தே கணக்கு எழுத வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

இது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட கணக்கு. ஒரு பள்ளியில் 120 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வரவு:
பஞ்சாயத்து ஒதுக்கிய பராமரிப்புப் பணம் – 80,000 ரூபாய்
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையிருப்பு – 20,000 ரூபாய்
எதிர்பார்க்கும் ஆண்டு மானியம் – 50,000 ரூபாய்
மொத்தம் – 1,50,000 ரூபாய்

செலவு:
கூரை ஓடு மாற்ற – 60,000 ரூபாய்
கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் – 20,000 ரூபாய்
சாக்பீஸ், பதிவேடு, சில்லறைச் செலவு – 20,000 ரூபாய்
வாசிப்பு நூல்கள் – 20,000 ரூபாய்
பெஞ்சுகள் – 30,000 ரூபாய்
மொத்தம் – 1,50,000 ரூபாய்

வரவும் செலவும் சரியாக உள்ளன. ஆனால் இதை நம்பி முதலில் பெஞ்சுக்குச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மானியம் வராது போனால் கடன்தான் மிஞ்சும்.

ஆகவே வரவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உறுதியான பணம் 1,00,000 ரூபாய். உறுதியில்லாத பணம் 50,000 ரூபாய். செலவையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூரை, குழாய், அன்றாடச் செலவு ஆகியவை தள்ள முடியாதவை. இவற்றுக்கு 1,00,000 ரூபாய் வேண்டும். உறுதியான பணம் இதற்குச் சரியாகப் போகும்.

நூலும் பெஞ்சும் இரண்டாம் வரிசை. மானியம் பாதி வந்தால் எதை வாங்குவது? இதை முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். 25,000 ரூபாய் வந்தால் முதலில் நூல்கள். மீதி 5,000 ரூபாயில் உடைந்த பெஞ்சுகளைப் பழுது பார்க்கலாம். முழுப் பணமும் வந்தால் புதிய பெஞ்சு வாங்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு விதி உண்டு. பழுது பார்க்க வந்த பணத்தில் கதைப் புத்தகம் வாங்க முடியாது. 'மொத்தத்தில் பணம் இருக்கிறதே' என்று நினைத்தால் கணக்குத் தவறிவிடும்.

யார் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். அரசுப் பள்ளியில் வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. குழுவில் உள்ள அம்மாவுக்குக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க உரிமை உண்டு.

அடுத்தது கிராம சபை. வார்டில் வாக்குரிமை உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர். கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். திட்டம் பேசும் கூட்டத்தில் பள்ளியின் தேவையைச் சொல்ல வேண்டும். 'பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்' என்றால் அது காற்றோடு போகும். 'இரண்டாம் வகுப்பின் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்ற 60,000 ரூபாய் வேண்டும், மே மாதத்துக்குள் முடிய வேண்டும்' என்று சொல்லிக் கூட்டக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும்.

அரசுப் பணம் எப்போது வரும் என்பது பெற்றோர் கையில் இல்லை. வந்த பணம் முதலில் எதற்குப் போக வேண்டும் என்று சொல்வது அவர்கள் கையில் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கற்றவர் அந்தக் கணக்கைத் தாமே படித்துப் பார்க்கலாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எந்தெந்த இடங்களிலிருந்து பணம் வருகிறது?
2. அதில் உறுதியான பணம் எது? உறுதியில்லாத பணம் எது?
3. அடுத்த ஜூனுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் யாவை? அவற்றை வரிசைப்படுத்தி எழுதுங்கள்.
4. உங்கள் வார்டில் அடுத்த கிராம சபை எப்போது? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.