வளைத்தலும் நயத்தலும் : அன்றாட வழக்கில் ஒரு சொல்லாய்வு

ஒரு மொழியினர் பிறர் மனத்தைத் தம்பால் ஈர்க்கும் செயலை எச்சொல்லால் குறிக்கின்றனர் என்பதைக் கொண்டே, அப்பிறரை அவர்கள் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். தமிழில் இச்செயலைக் குறிக்கச் சொற்பஞ்சம் இல்லை. கவர்தல், ஈர்த்தல், நயத்தல், இணங்கவைத்தல், வசப்படுத்தல், மயக்குதல், மடக்குதல், வளைத்தல் எனப் பல வினைகள் உள்ளன. இவற்றுள் இன்றைய பேச்சில் பெரிதும் வழங்கும் 'வளைத்தல்' என்பதனையும், அதற்கு எதிர்முனையில் நிற்கும் 'நயத்தல்' என்பதனையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

இவ்வாய்வுக்கு நெய்தல் நிலமே பொருத்தமான களமாகும். திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டூரையும் பழவேற்காட்டையும் சார்ந்த ஏரிக்கரைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆரணியாறும் காளங்கியாறும் வந்து கலக்க, வங்கக் கடலின் உவர்நீரும் முகத்துவாரத்தின் வழியே புகும் பெரிய காயல் இது. 1613-இல் ஒல்லாந்தர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1825-இல் இவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சிகள் மாறினும் வலைத்தொழில் மாறவில்லை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு இம்மீனவரிடையே வழங்கி வருகின்றது.

வலை வீசுதல், தூண்டில் போடுதல், இரை காட்டுதல், சிக்குதல், நழுவுதல் ஆகியவை இக்கரையில் தொழிற்சொற்கள். ஊருக்குள்ளும் நகரத்திலும் இவையே பிறரை வசப்படுத்துதலைக் குறிக்கும் உருவகங்களாகிவிட்டன. 'அந்தப் பெரிய இடத்துக்கு வலை வீசுகிறான்' என்று கூறும்போது வலையுமில்லை, நீருமில்லை. ஆனால் மீன் ஒன்று கருதப்படுகின்றது என்பதை மறத்தலாகாது.

இங்கு லகர ளகர வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். 'வலை' என்பது கருவியைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'வளை' என்பது சூழ்தல், கோணச்செய்தல் என்னும் பொருள்களைத் தரும் வினைச்சொல். இரண்டும் வெவ்வேறு சொற்களே. ஆயினும் சுற்றுவலையிட்டு மீன்கூட்டத்தைச் சூழ்ந்து இழுப்பதைக் கண்டவர்க்கு, வலையின் தொழிலே வளைத்தல்தான் என்பது விளங்கும். அன்றாட வழக்கில் 'நிலத்தை வளைத்துப் போட்டான்', 'அதிகாரியை வளைத்துப் போட்டான்', 'எதிர்க்கட்சிக்காரரை வளைத்துப் போட்டான்', 'பெண்ணை வளைத்துப் போட்டான்' என்று நான்கு இடத்தும் ஒரே வினை வருகின்றது. விருப்பு வெறுப்பற்ற நிலமும், மனமுடைய மனிதரும் இவ்வினைக்கு முன் ஒருநிறையாகி விடுகின்றனர். 'போடு' என்னும் துணைவினையோ, செயல் முடிந்தது, இனி அதற்கு மறுப்பில்லை என்னும் குறிப்பையும் சேர்த்துவிடுகின்றது.

வேற்றுமையுருபுகளை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 'அவளை வளைத்தான்' என்பதில் அவள் இரண்டாம் வேற்றுமை ஏற்ற செயப்படுபொருள். செயல் முழுவதும் அவனுடையது. 'அவளோடு பழகினான்' என்பதில் 'ஓடு' என்னும் மூன்றாம் வேற்றுமையுருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வருதலின், செயலில் இருவர்க்கும் பங்குண்டு. 'அவளுக்கு அவனைப் பிடித்தது' என்பதிலோ விருப்பம் அவளுடையது. இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்பவன் அவன். 'மீனைப் பிடித்தான்' என்னும்போது வேட்டையைக் குறிக்கும் அதே 'பிடித்தல்', நான்காம் வேற்றுமையோடு கூடியவுடன் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிடுகின்றது. ஓர் உருபு மாற, மனிதர் நிலையும் மாறுகின்றது.

பண்டை இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? அகத்திணையில் தலைவன் தன் குறையைத் தோழியிடம் கூறி நிற்பதற்கு 'இரந்து பின்நிற்றல்' என்று பெயர். இங்கு அவன் வளைப்பவன் அல்லன், இரப்பவன். அவனைத் தோழி விலக்கி நிறுத்துதல் 'சேட்படுத்தல்' எனப்படும். நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாடலை ஈண்டு நினைவுகூரலாம். தேரில் வந்த செல்வர் மகனை நோக்கி மீனவப் பெண்ணின் தோழி, தாங்கள் மீனை உணக்கிப் பறவை ஓட்டுவோர் என்றும், புலவு நாறுவோர் என்றும் கூறி அகன்று நிற்கச் சொல்கின்றாள். தங்கள் குலத்திலும் சிறந்தோர் உளர் என்று நிமிர்ந்தே முடிக்கின்றாள். வலைஞர் குடியில் பிறந்தவள் தான் வலைக்குரிய மீன் அல்லள் என்பதை இதனினும் நயமாகக் கூற இயலுமோ? எனினும், மடலேறுவேன் என்று தலைவன் அச்சுறுத்தும் துறையும் அவ்விலக்கியத்தில் உண்டு. ஆதலால் பழமை முழுவதும் நயமே என்று நாம் கூறவில்லை.

'நயத்தல்' என்பதற்கு விரும்புதல் என்பது பழம்பொருள். இன்று 'நயமாகப் பேசி' என்னும் தொடரில் அஃது இனிமையையும் நேர்மையையும் குறித்து வாழ்கின்றது. 'நயத்தில் ஆகிறது பயத்தில் ஆகாது' என்பது பழமொழி. 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற' என்பதும் எதிரிலிருப்பதன் இயல்பை முதலில் அறியச் சொல்கின்றது. வள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தில் 'பிணித்தல்' என்னும் வினையை ஆள்கின்றார். அதுவும் கட்டுதலே, ஆனால் கட்டும் கயிறு கேட்போரின் விருப்பமே ஆகும்.

அரபு மொழியிலிருந்து வந்து தமிழில் கலந்த 'ராஜி' என்னும் சொல்லும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. மனநிறைவோடு உடன்படுதல் என்பது அதன் பொருள். பிணங்கியோர் 'ராஜியாகிப் போனார்கள்' என்கிறோம். பதவி விலகலைக் குறிக்கும் 'ராஜினாமா'வும் முதலில் உடன்பாட்டுப் பத்திரத்தையே குறித்தது. நிக்காஹ்வில் மணமகளின் சம்மதத்தைக் கேட்டறிவதும் இவ்வுடன்பாட்டை முன்னிறுத்தியே ஆகும்.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தி அன்று. 'வளைத்தல்' என்னும் வினையில் 'மாட்டேன்' என்னும் விடைக்கு இடமே இல்லை. பெண் மறுத்தால் அது மறுப்பாக எண்ணப்படுவதில்லை. மீன் நழுவியது, மறுபடியும் வலை வீசலாம் என்றே எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதை நாடறியும். 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர் சிலரின் சீண்டலால் உயிரிழந்தபின், தமிழக அரசு அத்தகைய துன்புறுத்தலுக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்தல் 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமாகவே உள்ளது. சட்டம் செயலைத் தண்டிக்கும். செயலுக்கு முன் நாவில் பிறக்கும் சொல்லைத் திருத்துதல் கற்றோர் கடனாகும்.

எனவே மாணவச் செல்வங்களே, பிறர் மனத்தைப் பெற விழைவது குற்றமன்று. நட்பும் காதலும் இல்லறமும் அவ்விழைவிலேதான் தோன்றுகின்றன. ஆனால் அதனைக் கூற வாய் திறக்குமுன், எந்த வேற்றுமையில் பேசுகிறோம் என்று ஒருகணம் எண்ணுங்கள். எதிரிலிருப்பவர் செயப்படுபொருளாக நிற்கின்றாரா, உடன்நிகழ்பவராக நிற்கின்றாரா என்று பாருங்கள். ஏரியில் வீசவேண்டிய வலை ஏரியிலேயே இருக்கட்டும். மனிதரிடம் நாம் நயந்தே பேசுவோம்.