விடியற்காலை சேவலால் காலனியில் சண்டை! வீட்டில் கோழி வளர்க்க தடை உண்டா?

சென்னை.

கிராமத்தில் சேவல் கூவினால் பொழுது விடியும். சென்னை காலனிகளில் சேவல் கூவினால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். "ஏங்க, உங்க சேவலுக்கு நேரம் காலமே கிடையாதா?" என்று குரல் வரும். அன்றைக்கு காபி குடிக்கும் முன்பே சண்டை ரெடி!

கொல்லைப்புறம் உள்ள பழைய வீடுகள் நகரில் குறைந்து விட்டன. அவை இருந்த இடத்தில் எல்லாம் பிளாட்டுகள் எழும்பி விட்டன. ஆனால் கோழி ஆசை மட்டும் போகவில்லை. கொல்லையில் பஞ்சாரத்தில் கிடந்த கோழி, இப்போது மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டிக்கு அடியில் கம்பிக்கூண்டில் கிடக்கிறது.

கீழ் வீட்டுக்காரர் வளர்க்கிறார். மேல் வீட்டுக்காரர் எதிர்க்கிறார். நடுவில் குடியிருப்போர் சங்க செயலாளர் தவிக்கிறார்.

இந்த வம்புக்கு காரணம் என்ன? சட்டம் யார் பக்கம்? விவரம் வருமாறு:-

இரண்டு கட்சி

"நாலு கோழி இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிச்சம் மீதி சோறு வீணாகாது. புழு பூச்சி, கரப்பான் அண்டாது. கைச்செலவுக்கு நாலு காசும் வரும்." இது வளர்க்கிறவர் கட்சி.

"எச்சத்தின் நாற்றம் தாங்கவில்லை. ஈ மொய்க்கிறது. பூந்தொட்டியை எல்லாம் சீய்த்து விடுகிறது. நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்தால் சேவல் தூங்க விடவில்லை." இது எதிர்க்கிறவர் கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தகராறுகளை கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலும் கோழியால் வருகிற சண்டை குறைவு. சேவலால் வருகிற சண்டைதான் அதிகம்.

சேவலே வேண்டாம்!

முட்டைக்காக கோழி வளர்க்கிறவர்களில் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை இடாது என்று நினைக்கிறார்கள்.

இது சரியல்ல. சேவல் இல்லாமலே கோழி முட்டை இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆம்லெட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கடையில் வாங்கும் பண்ணை முட்டைகளும் சேவல் இல்லாமல் இட்ட முட்டைகள்தான்.

அடை வைத்து 21 நாளில் குஞ்சு பொரிக்க வேண்டும் என்கிறவருக்குத்தான் சேவல் தேவை. காலனி வீட்டில் அதற்கு அவசியம் இல்லை.

கலர் குஞ்சு மர்மம்

அப்படியானால் இத்தனை வீட்டில் சேவல் எப்படி வந்தது?

பள்ளிக்கூட வாசலிலும், சந்தையிலும், திருவிழா கூட்டத்திலும் கூடையில் வைத்து கலர் கோழிக்குஞ்சு விற்பார்கள். பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் போட்டிருக்கும். குழந்தை அழுது அடம் பிடிக்கும். அப்பா இரண்டு வாங்கிக் கொடுப்பார்.

அந்த குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? முட்டைக்கோழி குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் பெட்டைக்குஞ்சுகளை பிரித்து பண்ணைகளுக்கு அனுப்பி விடுவார்கள். சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரி சீக்கிரம் எடையும் போடாது. வேண்டாத சரக்கு. அதற்குத்தான் சாயம் பூசி தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

கூடையில் வரும் குஞ்சுகளில் பெரும்பாலானவை சேவல் என்பது வாங்குகிறவருக்கு தெரியாது. பல குஞ்சுகள் சில நாட்களிலேயே செத்துப் போகும். தப்பிப் பிழைத்த ஒன்று நாலைந்து மாதத்தில் கொண்டை சிவந்து, மாடிச்சுவரில் ஏறி நின்று முதல் கூவல் கூவும். அன்றுதான் பக்கத்து வீட்டுக்காரர் முதல் புகாரோடு வருவார்.

அதற்குள் குழந்தை அதற்கு பெயர் வைத்திருக்கும். அறுக்கவும் மனம் வராது, கொடுக்கவும் மனம் வராது.

இன்னொரு வகை சேவலும் உண்டு. குலசாமிக்கு நேர்ந்து விட்ட சேவல். கோவிலுக்கு போகும் நாள் வரை அதை யாரும் தொடக்கூடாது. "சாமி சேவலை எப்படிங்க அனுப்புறது?" என்று கேட்டால் சங்க செயலாளரும் வாயை மூடிக் கொள்வார்.

இருட்டில் அடைத்தாலும் கூவும்

சேவலை இரவில் கோணி போட்டு மூடினால் கூவாது என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இதனால் முழுப்பலன் கிடைக்காது.

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2013-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பகல் இரவு தெரியாதபடி எப்போதும் மங்கலான வெளிச்சத்திலேயே சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை விடியல் கணக்கு தவறாமல் கூவின. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது!

2015-ம் ஆண்டு அதே விஞ்ஞானிகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் பெரிய சேவல்தான் முதலில் கூவும். மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்னால் கூவும். இரண்டு சேவல் வைத்திருந்தால் போட்டிதான்.

கூவும் சேவலுக்கு மிக அருகில் வைத்து அளந்தால் சத்தம் 100 டெசிபலை தாண்டுகிறது. குடியிருப்பு பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. ஒலிபெருக்கி, ஹாரன், வெடிச்சத்தம் முதலியவற்றை மனதில் வைத்து எழுதிய விதி அது. சேவல் மீது கேஸ் போட போலீஸ் ஸ்டேஷனுக்கு போனால் ஏட்டையா சிரித்து அனுப்பி விடுவார்.

சங்க விதியில் என்ன இருக்கிறது?

தனி வீட்டுக்கும் பிளாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. இதை பலர் கவனிப்பதில்லை.

பிளாட் வாங்கும்போது சங்கத்தின் துணை விதிகளுக்கு கட்டுப்படுவதாக கையெழுத்து போடுகிறோம். எத்தனை பேர் அதை படித்துப் பார்க்கிறார்கள்? கால்நடை, கோழி வளர்க்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தால் அது வாங்கியவரையும் கட்டும், அவரிடம் வாடகைக்கு இருப்பவரையும் கட்டும்.

மொட்டை மாடியும், படிக்கட்டும், காம்பவுண்டு ஓரமும் பொது இடம். அது எல்லாருக்கும் சொந்தம். அங்கே ஒருவர் மட்டும் கூண்டு கட்டி இடம் பிடித்தால் மற்றவர்கள் கேட்க உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்கு பதிலாக 2022-ம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. புதிய சட்டத்திலும் பொது இடம் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

"நாய் வளர்க்க தடை போடக்கூடாது என்று சொல்லி இருக்கிறார்களே, கோழிக்கு மட்டும் ஏன் தடை?" என்று சிலர் வாதாடுகிறார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் நாய்களைப் பற்றியது. கோழிக்கு அதை காட்டி சங்கத்தை மடக்க முடியாது.

வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தை பார்க்க வேண்டும். ஹவுஸ் ஓனர் வாயால் "சரி" என்று சொன்னது சண்டை வரும்போது நிற்காது. எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

தனி வீடு என்றால்?

சொந்த வீடு, சொந்த கொல்லை என்றாலும் இஷ்டப்படி இருக்க முடியாது.

நாற்றம், ஈ, அசுத்தம் என்று அக்கம்பக்கத்தினர் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பொதுமக்கள் உடல்நலத்துக்கும் சவுகரியத்துக்கும் கேடு என்று மாஜிஸ்திரேட்டு அதிகாரம் உள்ள அதிகாரி கருதினால் தொல்லையை அகற்றும்படி உத்தரவு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறை சட்டம் 133-வது பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தில் 152-வது பிரிவு.

நாலு கோழி வேறு, நானூறு கோழி வேறு. விற்பனைக்காக பண்ணை போட்டால் அது தொழில். அனுமதி, லைசென்சு எல்லாம் வந்து விடும்.

விஷம் வைத்தால் ஜெயில்!

எதிர்க்கிறவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு.

ஆத்திரத்தில் சிலர் அரிசியில் விஷம் கலந்து வைத்து விடுகிறார்கள். கல்லெறிந்து காலை உடைக்கிறார்கள். இது சாதாரண குற்றம் அல்ல. பிறர் வளர்க்கும் பிராணியை கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். நூறு ரூபாய் கோழியாக இருந்தாலும் இதே கதிதான்.

கோர்ட்டு ஏறிய சேவல்

இந்த தகராறு நம் ஊரில் மட்டும் இல்லை. பிரான்சு நாட்டில் ஒலெரோன் என்ற தீவில் மோரிஸ் என்ற சேவல் மீது கோர்ட்டில் கேஸ் நடந்தது. விடுமுறை வீடு வாங்கி வந்த வெளியூர் தம்பதி, விடியற்காலை தூங்க முடியவில்லை என்று வழக்கு போட்டார்கள்.

2019 செப்டம்பர் 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. சேவலுக்கே வெற்றி! வழக்கு போட்டவர்கள் சேவலின் சொந்தக்காரருக்கு 1,000 யூரோ நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. 2021 ஜனவரியில் கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் பாதுகாக்க பிரான்சில் தனிச்சட்டமே வந்து விட்டது. ஆனால் அது கிராமத்துக்கான சட்டம். நகரத்து சேவல் அதில் வராது.

அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். மேடிசன் நகரில் 2004-ம் ஆண்டு, வீட்டுக்கு 4 கோழி வரை வளர்க்கலாம், சேவல் கூடாது என்று விதி செய்தார்கள். நியூயார்க் நகரிலும் கோழிக்கு அனுமதி உண்டு, சேவலுக்கு தடை. ஆனால் நகராட்சி அனுமதித்தாலும் அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் கூடாது என்றால் கூடாதுதான். கையெழுத்து போட்டு வீடு வாங்கியவர் மீற முடியாது.

சிங்கப்பூரில் சின் மிங் பகுதியில் குடியிருப்புகளுக்கு நடுவே திரிந்த கோழிகள் மீது புகார் வந்தது. 2017-ம் ஆண்டு அதிகாரிகள் 24 கோழிகளை பிடித்து கொன்று விட்டார்கள். அதன் பிறகுதான் "ஐயோ, அதை வேறு எங்காவது கொண்டு விட்டிருக்கலாமே" என்று ஊரே கண்டனம் செய்தது. பேசித் தீர்க்காத புகாரின் முடிவு இப்படித்தான் ஆகும்.

நாற்றத்துக்கு வழி

சேவல் போனாலும் எச்சம் இருக்கிறதே? பெரிய முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு சுமார் 100 கிராம் எச்சம் போடும். நாலு கோழிக்கு மாதம் 12 கிலோ. ஈரம் பட்டால் அதிலிருந்து அமோனியா கிளம்பும். மூக்கை பொத்த வைப்பது அதுதான். ஈயும் ஈரத்தில்தான் முட்டை இடும்.

கூண்டின் தரையில் உமி, மரத்தூள், தேங்காய் நார்த்தூள் ஆகிய ஏதாவது ஒன்றை தடிமனாக பரப்ப வேண்டும். தண்ணீர் சிந்தாமல் பார்த்து, ஈரமான இடத்தை அன்றாடம் அள்ளி விட வேண்டும். எச்சத்தை மக்க வைத்தால் செடிக்கு நல்ல உரம். பச்சையாக போட்டால் செடி கருகி விடும்.

தீவனத்தை இரவில் திறந்து வைக்கக்கூடாது. பெருச்சாளி வரும். பெருச்சாளி வந்தால் அது கோழி வளர்க்காத வீட்டையும் விடாது. கூண்டில் ஒரு கோழிக்கு 2 முதல் 4 சதுர அடி இடம் வேண்டும். பூனை, நாய், கீரி நுழையாதபடி கம்பிவலை நெருக்கமாக இருக்க வேண்டும்.

நோய் வந்தால்...

வெயில் காலத்தில் கூண்டோடு கோழிகள் செத்து விழுவதற்கு பெரிய காரணம் வெள்ளைக்கழிச்சல். 1927-ல் இமயமலை அடிவாரத்தில் ராணிகேத் என்ற ஊரில் கண்டதால் ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். வந்த பிறகு மருந்து இல்லை. வரும் முன் தடுப்பு மருந்து உண்டு. அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்கலாம்.

பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் 2006-ம் ஆண்டு மராட்டிய மாநிலம் நவாப்பூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பல கோழிகள் திடீரென்று ஒரே சமயத்தில் செத்தால் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, அறுத்து சாப்பிடவும் கூடாது. உடனே கால்நடை டாக்டருக்கு தகவல் சொல்ல வேண்டும். கோழியை தொட்ட குழந்தைகள் சோப்பு போட்டு கை கழுவுவது அவசியம்.

எதை வாங்குவது?

முட்டைக்காக வளர்க்க விரும்புகிறவர்கள் கலர் குஞ்சு வாங்குவதை விட்டு விட்டு, வளர்ந்த பெட்டைக்கோழியாக இரண்டு மூன்று வாங்குவது உத்தமம். கொண்டையும் வாலும் பார்த்தாலே சேவலா, பெட்டையா என்பது தெரிந்து விடும்.

நாட்டுக்கோழி வருஷத்துக்கு சுமார் 60 முதல் 80 முட்டை இடும். பண்ணைக்கோழி 300 வரை இடும். நாட்டு வெயிலையும் நோயையும் தாங்குவது நாட்டுக்கோழிதான். சென்னைக்கே பெயர் சொல்லும் ஒரு ரகமும் உண்டு. நந்தனத்தில் இருந்த அரசு கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'நந்தனம் கோழி' அது!

பெட்டைக்கோழி முட்டை இட்டதும் கொக்கரிக்கும். அது பகலில், சில நிமிடம்தான். அதற்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

கூண்டு கட்டும் முன்பு சங்க விதியை ஒரு தடவை படித்து விட வேண்டும். தடை இருந்தால் பொதுக்குழு கூட்டத்தில் விதியை மாற்றக் கேட்கலாம். "சேவல் கிடையாது, வீட்டுக்கு இத்தனை கோழிதான், கூண்டு சுவரை விட்டு இத்தனை அடி தள்ளி" என்று மூன்று வரி எழுதிக் கொண்டு போனால் எதிர்க்கிறவர்களில் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டு கதவை தட்டி, "அக்கா, ரெண்டு கோழி வளர்க்கலாம்னு இருக்கோம், உங்களுக்கு தொந்தரவு இருந்தா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது. முதல் முட்டையில் இரண்டை அந்த வீட்டுக்கு கொடுத்து அனுப்பினால் புகார் மனு எழுதும் வேலை மிச்சம்.