கிளாட் தேர்வு: விடை கண்ணெதிரே இருக்கிறது... ஆனாலும் ஏன் தவறுகிறது?

ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்து வருட சட்டப் படிப்பு. அதுவும் பெங்களூரு நேஷனல் லா ஸ்கூலிலோ, திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலோ படிக்க வேண்டும் என்ற கனவு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறதா? அப்படியென்றால் ‘கிளாட்’ நுழைவுத்தேர்வை எழுதியாக வேண்டும்.

பள்ளித் தேர்வில் 90 சதவிகிதத்துக்கு மேல் எடுப்பவர்கள்கூட இதில் தடுமாறுவது உண்டு. காரணம், இங்கே மனப்பாடத்துக்கு வேலை குறைவு. 2020-ம் ஆண்டிலிருந்து, ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் திறன், தர்க்கத் திறன், கணக்கு என ஐந்து பகுதிகளிலும் ஒரு பாஸேஜைக் கொடுத்து, அதையொட்டியே கேள்வி கேட்கிறார்கள்.

5 நிமிடம்கூட அதிகம்!

120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலப் பகுதியில் ஒரு பாஸேஜ் சுமார் 450 சொற்கள் இருக்கும். ப்ளஸ் டூ மாணவர் அதை 5 முதல் 7 நிமிடங்களில் படித்துவிடலாம் என்கிறது, தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு.

ஆனால், தாள் முழுக்க சுமார் இருபது பாஸேஜ்கள் வரும். ஒன்றுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலே 100 நிமிடங்கள் ஓடிவிடும். மீதி 20 நிமிடங்களில் 120 கேள்விகளுக்கு எப்படி விடையளிப்பது? அதையே 3 நிமிடங்களில் படித்தால், கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அதாவது, நிமிடத்துக்கு 150 சொற்கள். எட்டக்கூடிய வேகம்தான். ஆனால், கடைசி ஒரு மாதத்தில் வந்துவிடாது.

எங்கே வழுக்குகிறது?

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த உதாரணத்தைப் பாருங்கள்.

‘ஒரு நகரில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசமாக்கப்பட்டது. அந்த ஆண்டு பெண் பயணிகள் அதிகரித்தார்கள். அதே ஆண்டில் புதிய வழித்தடங்களும் தொடங்கப்பட்டதால், கட்டணம் மட்டுமே காரணம் என்று முடிவு செய்ய இயலாது.’

இதை எழுதியவரின் கருத்து என்ன?

அ) இலவசப் பயணத்தால் பலன் இல்லை.
ஆ) இலவசப் பயணம் பெண்களின் வேலைவாய்ப்பைப் பெருக்கும்.
இ) பயணிகள் அதிகரித்ததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம்.

பலரின் கை ‘ஆ’வை நோக்கிப் போகும். அது நிஜத்தில் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால், பாஸேஜில் வேலைவாய்ப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘அ’ என்பது எழுதியவர் சொன்னதை ஒரேயடியாக இழுத்து நீட்டியது. சரியான விடை ‘இ’.

நமக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, எதிரில் இருப்பதை மட்டும் நம்புவதுதான் இந்தத் தேர்வின் சூட்சுமம். சட்டத் திறன் பகுதிக்கும் இதே விதிதான். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை. பாஸேஜில் தரப்படும் விதியைச் சம்பவத்தோடு பொருத்தினால் போதும். நடப்பு நிகழ்வுகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே பாஸேஜைத் தாண்டியும் கேள்வி வரும்.

தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும். நான்கு தவறுகள், ஒரு சரியான விடையை விழுங்கிவிடும்.

தினமும் ஒரு மணி நேரம்

• ஆங்கில நாளிதழில் ஒரு தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படியுங்கள். முடித்ததும் ‘இவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார்’ என்பதை இரண்டே வரிகளில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் தவறில்லை.

• தமிழ்வழியில் படித்தவர்கள், ஒரே செய்தியை முதலில் தமிழ் நாளிதழிலும் பிறகு ஆங்கில நாளிதழிலும் படிக்கலாம். விஷயம் முன்பே தெரிவதால் ஆங்கிலம் மிரட்டாது. புதிய சொற்கள் இடம் பொருளோடு மனதில் பதியும்.

• ‘ஆனால்’, ‘இருப்பினும்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் வந்தால் அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் எழுதியவரின் உண்மையான கருத்து அதற்குப் பிறகுதான் வரும்.

• மாதிரித் தேர்வு எழுதிய பிறகு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தைக் குறித்து வையுங்கள்: சொல் தெரியவில்லையா, அவசரமா, பாஸேஜில் இல்லாததை ஊகித்தோமா? ஒரே மாதத்தில் உங்கள் பலவீனம் எது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

• முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்கள் கூட்டமைப்பின் இணையதளத்தில் கிடைக்கின்றன. தேர்வு ஓ.எம்.ஆர் தாளில் என்பதால், போனில் மட்டும் பயிற்சி செய்யாமல் அச்செடுத்துப் பேனாவுடன் உட்காருங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு...

2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளிலும் டிசம்பர் முதல் ஞாயிறன்றுதான் இந்தத் தேர்வு நடந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் அது. எனவே, ப்ளஸ் ஒன் விடுமுறையிலேயே வாசிப்பைத் தொடங்குவது நல்லது. நாளிதழோடு உட்காரும் பிள்ளையிடம், “பாடத்தைப் படிக்காம பேப்பர் என்ன வேண்டிக்கிடக்கு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்தத் தேர்வுக்கு அதுதான் பாடம்!