கடலோரம் இல்லாத ஊரில் தொடங்கும் துறைமுகக் காவல்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிறது குத்தம்பாக்கம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் சரக்கேற்றிய கன்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கமாகத்தான் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகின்றன. அவற்றுக்கான காவல் துறைமுக வாசலுக்கு வெகுமுன்பே, ஆலை வாசலில் தொடங்கிவிடுகிறது.

சீல் வைப்பது யார்?

முன்பெல்லாம் பல ஆலைகளுக்கு அதிகாரி நேரில் வந்து, அவர் முன்னிலையில்தான் கன்டெய்னருக்கு முத்திரை வைக்க வேண்டும். 2017-ல் சுங்கத் துறை இதை மாற்றியது. அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தாமே மின்னணு சீல் வைக்கலாம். சீலுக்குள் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு இருக்கும். கன்டெய்னர் எண், லாரி எண், ஷிப்பிங் பில் எண், சீல் வைத்த நேரம் ஆகியவற்றை ஆலையே இணையத்தில் பதிய வேண்டும். துறைமுகத்தில் அதிகாரி ஒரு கருவியால் சீலைப் படிப்பார். விவரங்கள் பொருந்தி, சீலும் சிதையாமல் இருந்தால் பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமலே ஏற்றுமதிக்கு அனுமதி கிடைக்கும். சீல் அறுபட்டிருந்தால் திறந்து சோதிப்பார்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 4 எழுத்தும் 7 எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி எண், முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. தட்டச்சில் ஒன்று பிசகினாலும் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். 2016-ல் மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிய ‘லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்’ சேவை பின்னர் சென்னைப் பகுதித் துறைமுகங்களுக்கும் வந்தது. அதன் இணையதளத்தில் இந்த எண்ணைத் தந்தால், பெட்டி எந்த வாயிலை எப்போது கடந்தது என்று சரக்குக்காரர் தெரிந்துகொள்ளலாம்.

கணினி முடங்கினால்?

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் வெடித்த ‘நாட்பெட்யா’ வைரஸ், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. அந்தக் குழுமம் நடத்திய ஜவாஹர்லால் நேரு துறைமுக முனையத்திலும் வேலை நின்றது. கணினிப் பாதுகாப்பையும் கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்தில் சேர்க்க வேண்டும் என்ற சர்வதேச கடல்சார் அமைப்பின் தீர்மானம் 2021 முதல் நடைமுறைக்கு வந்தது.

நாம் செய்ய வேண்டியது

கப்பலும் முனையமும் மட்டும் காவலைப் பலப்படுத்தினால் போதாது. சரக்கின் முதல் விவரத்தைப் பதிவது ஆலையின் டிஸ்பேட்ச் பிரிவு. அங்கே நாலைந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்தால், சீல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும். புறப்படும் முன் சீல் எண்ணைச் சரிபார்க்க ஓட்டுநருக்கும் பயிற்சி வேண்டும். வழியில் சீல் சேதமானால் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியோடு துறைமுகம்வரை கூடவே போகிறவர் அவர் ஒருவர்தான்.